அவலூர்பேட்டைக்காரரின் ஒரு மணி நேரம்

முதலில் மரத்துப்போனவை என் கால் விரல்கள். எண்பத்தேழாம் வருடம், மழைக்காலம். செஞ்சியில் ஒரு நடுநிலைப் பள்ளியில் மூன்றாம் வகுப்புக்கு டீச்சராக இருந்தேன். காலை வழிபாட்டில் நின்றுகொண்டிருந்தபோது செருப்புக்குள் மணல் புகுந்தது போல இருந்தது. கழற்றித் தட்டினேன். மணல் இல்லை. மறுநாள் அந்த மணல் முழங்கால்வரை ஏறியிருந்தது. மூன்றாம் நாள் கரும்பலகையில் எழுதும்போது சாக்பீஸ் நழுவி விழுந்தது. குனிந்து எடுக்கப் போனவள் எழுந்திருக்க முடியாமல் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். டீச்சர் விளையாடுகிறார் என்று பிள்ளைகள் சிரித்தார்கள்.

ஊரில் ஒரு டாக்டர் சத்துக் குறைவு என்று ஊசி போட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் அதுவரை பார்த்திராத வியாதி அது. நான்காம் நாள் காலையில் குடித்த டீ மூக்கு வழியாக வந்தது. என் கணவர் காதர், பஜாரில் பம்ப்செட் மோட்டாருக்குச் செப்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டும் கடை வைத்திருப்பவர், தெரிந்தவரின் காரைக் கொண்டுவந்து என்னைத் தூக்கிப் பின் சீட்டில் கிடத்தினார். திண்டிவனம் தாண்டியதும் ஒவ்வொரு மூச்சையும் நானே முயன்று இழுக்க வேண்டியிருந்தது. ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

"பேசாத ரஜியா. மூச்சச் சேத்து வையி. மெட்ராஸ் வந்துரும்."

அதற்குப் பிறகு மூன்று மாதத்துக்கு மேல் நான் பேசவில்லை.

மதராஸ் ஆஸ்பத்திரியில் முதுகைப் பந்து போல வளைத்துப் பிடித்துக்கொண்டு, தண்டுவடத்திலிருந்து நீர் எடுத்தார்கள். கையிலும் காலிலும் மெல்லிய கரண்ட் கொடுத்து, அது நரம்பு வழியாக எவ்வளவு வேகத்தில் போகிறது என்று பார்த்தார்கள். அது போகவே இல்லை. அன்று மாலையே கழுத்தின் முன்பக்கம் துளையிட்டுக் குழாய் வைத்து, மூச்சு இயந்திரத்தோடு இணைத்துவிட்டார்கள். காற்று குரல்வளைக்குப் போகாமல் குழாய் வழியாகவே வந்து போவதால் குரல் வராது என்று ஒரு சிஸ்டர் குனிந்து காதருகில் சொன்னார். அதைச் சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றியதற்கு இன்றும் நன்றி சொல்கிறேன்.

அந்த நரம்பு வியாதிக்கு ஜி.பி.எஸ். என்று பெயர். நரம்புகளின் மேல் ஓர் உறை இருக்கிறதாம். ஏதோ ஒரு காய்ச்சலை எதிர்க்கக் கிளம்பிய உடம்பின் சக்தி, ஆளை மாற்றிப் பிடித்து அந்த உறையைத் தின்றுவிடுகிறது. டாக்டர் இங்கிலீஷும் தமிழுமாகச் சொன்னதைக் கேட்டுவிட்டு வந்த என் கணவர் அவர் பாஷையில் சொன்னார்.

"காயில் கம்பில வார்னிஷ் போயிட்டா கரண்டு போவாது இல்ல, அந்த மாதிரிதான். கம்பி நல்லாத்தான் இருக்குது. வார்னிஷ் தானா திரும்ப ஏறுமாம். அதுவரைக்கும் மெசின் மூச்சு விடும்."

எவ்வளவு நாளில் ஏறும் என்று கேட்க எனக்கு வாய் இல்லை.

ஏழு வாரம் போனது. நான் அசைக்க முடிந்தது இமைகளை. அப்புறம் தலையை இடப்பக்கமாக ஒரு நூல் அளவு. அவ்வளவுதான். ஆனால் வலி தெரியும், எறும்பு ஊர்வது தெரியும், காதில் விழுவது எல்லாம் விளங்கும். ஒரு தடவை சிமிட்டினால் ஆமாம், இரண்டு தடவை சிமிட்டினால் இல்லை என்று வைத்துக்கொண்டோம். அப்போதுதான் ஒன்று புரிந்தது. பதில் சொல்ல மட்டும் முடிகிறவளுக்கு, மற்றவர்கள் கேட்கும் கேள்வியைத் தாண்டி ஓர் உலகம் கிடையாது. "வலிக்குதா?" என்பார்கள். "குளிருதா?" என்பார்கள். என் இரண்டு பிள்ளைகளும் இப்போது யார் வீட்டில் சாப்பிடுகிறார்கள் என்று தெரிந்துகொள்ள வேண்டுமா என்று யாரும் கேட்கவில்லை.

எதிர்க் கட்டிலில் மாணிக்கம் இருந்தார். அந்த வார்டில் ஆண், பெண் என்ற பிரிவு இல்லை. ஐம்பது வயதிருக்கும். அவலூர்பேட்டை மாட்டுச் சந்தையில் தரகர். துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்தே விலை பேசுகிற கை அவருடையது. அந்தக் கை எலும்பாகி, மார்பின் மேல் யாரோ வைத்துவிட்டுப் போன பொருள் போலக் கிடந்தது. அவருக்கு வந்தது வேறு வியாதி. தசைகளை அசைக்கும் நரம்புகள் ஒவ்வொன்றாகச் செத்துப்போகும், திரும்பி வராது. என் கணவர் சொன்ன மாதிரி பார்த்தால், அவருக்குக் கம்பியே போய்க்கொண்டிருந்தது. முதலில் நாக்கு, பிறகு கை. கண்ணும் வலது கால் கட்டைவிரலும் மட்டும் பாக்கி. அவர் மனைவி தனபாக்கியம் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ஈரத் துணியால் அவர் வாயைத் துடைத்துக்கொண்டே இருப்பார். வார்டுக்குள் உறவினரை அடிக்கடி வெளியே அனுப்புவார்கள். அவரை மட்டும் யாரும் அனுப்பவில்லை.

எட்டாவது வாரம் வரதராஜன் வந்தார். ஆஸ்பத்திரியில் மின்சாரக் கருவிகளைப் பழுதுபார்க்கிற பிரிவில் வேலை, ஓய்வு பெறும் வயது. தள்ளுவண்டியில் ஒரு டி.வி., டைப்ரைட்டர் போன்ற ஒரு பெட்டி, ஒரு டேப்ரெக்கார்டர். நான் பார்த்த முதல் கம்ப்யூட்டர் அதுதான். பாட்டுக் கேசட் மாதிரியான கேசட்டைப் போட்டுத் தட்டினார். பாட்டு வரவில்லை. காது கூசும் கீச்சொலி ஐந்து நிமிடம் வந்தது. அது முடிந்ததும் திரையில் எழுத்துகள் எழும்பின. தமிழ் எழுத்துகள். வல்லினம் ஒரு வரி, மெல்லினம் ஒரு வரி, இடையினம் ஒரு வரி, உயிரெழுத்து ஒரு வரி. மூன்றாம் வகுப்புக்கு நான் சொல்லிக்கொடுத்த அதே வரிசை.

"இத நானா வீட்ல ஒக்காந்து எழுதுனேம்மா. தப்பு இருந்தா சொல்லுங்க. நீங்க டீச்சராமே" என்றார்.

என் இடது கன்னத்துக்குப் பக்கத்தில் ஒரு சுவிட்சைக் கட்டினார். திரையில் ஒரு வெளிச்சக் கட்டம் ஒவ்வொரு வரியாக இறங்கும். வேண்டிய வரி வந்ததும் கன்னத்தால் அழுத்த வேண்டும். பிறகு அந்த வரிக்குள் எழுத்து எழுத்தாக நகரும். மறுபடி அழுத்த வேண்டும். மெய்யெழுத்து கிடைத்ததும் எந்த உயிர் சேர வேண்டும் என்று கேட்கும். மூன்று அழுத்தலுக்கு ஓர் எழுத்து. அதற்கு ஒரு நிமிடம். ஒரு நொடி பிந்தினால் கட்டம் தாண்டிவிடும், எல்லாம் சுற்றி வரக் காத்திருக்க வேண்டும். முதலில் என் பெயரை எழுதினேன். அவர் பட்டியலில் 'ஜ' இல்லை. "ரசியா" என்று எழுதி நிறுத்தினேன். வரதராஜன் தலையில் அடித்துக்கொண்டார். மறுநாள் 'ஜ', 'ஷ', 'ஸ', 'ஹ' நான்கும் ஐந்தாவது வரியாக வந்து உட்கார்ந்திருந்தன.

இருந்தது ஒரே இயந்திரம். காலை பத்திலிருந்து பதினொன்றுவரை எனக்கு, மூன்றிலிருந்து நான்குவரை மாணிக்கத்துக்கு. நடுவில் வரதராஜனுக்கு வேறு வேலை. மாணிக்கம் ஐந்தாம் வகுப்புவரை படித்தவர். எழுத்துக் கூட்ட வரும். கட்டைவிரலுக்கு அடியில் சுவிட்ச். தனபாக்கியத்துக்குப் படிக்கத் தெரியாது. மாணிக்கம் எழுதி முடித்ததை வரதராஜன் உரக்கப் படிக்க வேண்டும். "கண்ணில் வெளிச்சம். ஜன்னலை மூடு" என்பதுதான் அவருடைய முதல் பேச்சு. தனபாக்கியம் ஓடிப்போய் ஜன்னலை மூடிவிட்டு, அங்கேயே திரும்பி நின்று அழுதார். இரண்டு மாதமாக அந்த ஜன்னலைக் காற்று வரட்டும் என்று திறந்து வைத்தவர் அவர்தான்.

எனக்குத் தினமும் இருந்த பெரிய பயம் சளி எடுப்பது. கழுத்துக் குழாய்க்குள் மெல்லிய ரப்பர் குழாயை விட்டு உறிஞ்சுவார்கள். அந்த நேரத்தில் மூச்சு கிடையாது. இரண்டு மூன்று முறை தொடர்ந்து எடுத்தால் உள்ளே எல்லாம் இருண்டுவிடும். அதைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்று ஒரு புதன்கிழமை காலை தீர்மானித்தேன். "போதும் சிஸ்டர், கொஞ்சம் நேரம் விட்டு எடுங்கள்" என்று மனத்துக்குள் எழுதி வைத்திருந்தேன். மூன்று எழுத்து முடிந்தது. கரண்ட் போய்விட்டது. மூச்சு இயந்திரத்துக்கு ஜெனரேட்டர் உண்டு, டி.வி.க்குக் கிடையாது.

திரை அணைவதற்கு முன், பக்கத்தில் நின்றிருந்த என் கணவர் அந்த மூன்று எழுத்தையும் பார்த்துவிட்டார்: "போதும்".

என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். என் நெற்றியில் கை வைத்தார். "சரி" என்றார். "சரி ரஜியா." வெளியே போய்விட்டார். நான் இரண்டு இரண்டாகச் சிமிட்டிக்கொண்டே இருந்தேன். பார்க்க ஆள் இல்லை.

அன்று பிற்பகல் மாணிக்கத்தின் முறையிலும் கரண்ட் பாதியில் போனது. அவர் இரண்டு சொல் எழுதியிருந்தார். வரதராஜன் படித்தார்: "தனம், நீ". தனபாக்கியம் அவர் முகத்தருகே போய், "நீனா? நீ இன்னா?" என்று கேட்டார். மாணிக்கம் கண்ணை மூடி மூடித் திறந்தார். "நாளைக்கு மூணு மணிக்கு முடிச்சிடலாம்" என்றார் வரதராஜன்.

மறுநாள் வியாழக்கிழமை. காலையில் என் கணவரின் அண்ணன் யூசுப் செஞ்சியிலிருந்து வந்தார். குடும்பத்தில் மூத்தவர். என் திருமணத்தை நடத்தி வைத்ததும் அவர்தான். கெட்ட மனிதர் இல்லை. என் கட்டிலின் கால்மாட்டில் நின்றுகொண்டு தம்பியிடம் பேசினார்.

"அவளே சொல்லிட்டா இல்ல. இன்னும் இன்னாத்துக்கு அந்தப் புள்ளயக் குழாய் வச்சுக் கஷ்டப்படுத்தணும்? ஊட்டுக்குக் கொண்டு போயிடலாம். புள்ளைங்க ஒரு தடவ பாத்துக்கட்டும்."

"குழாய எடுத்தா வழியிலயே..." என் கணவர் முடிக்கவில்லை.

"அல்லா விட்ட வழி. சாயந்தரம் அஞ்சு மணிக்குக் கார் வரச் சொல்லிக்கிறேன். டாக்டருகிட்ட நீ கையெழுத்துப் போட்டா உடுவாங்களாம்."

நான் சிமிட்டினேன். இரண்டு, இரண்டு, இரண்டு. கண்ணில் நீர் வழிந்தது. "பாரு, அழுவுது" என்றார் யூசுப். "அதுக்கும் முடியல, பாவம்." என் கணவர் என் பக்கம் திரும்பவில்லை. திரும்பினால் உடைந்துவிடுவோம் என்று பயந்ததாகப் பிறகு சொன்னார். வாழ வேண்டுமா என்று அவர் கேட்டிருந்தால் ஒரு சிமிட்டலில் முடிந்திருக்கும். அந்தக் கேள்வியை யாரும் யாரிடமும் கேட்பதில்லை.

பத்து மணிக்கு இயந்திரம் வந்தது. கேசட் ஓடி முடிவதற்குள் மறுபடியும் கரண்ட் போனது. ஒரு மணிவரை வரவில்லை. வரதராஜன் சுவிட்சை என் கன்னத்திலேயே விட்டுவிட்டு வேறு வேலைக்குப் போனார். இரண்டே முக்காலுக்கு வந்து கேசட்டை ஓட்டி, எழுத்துகள் வந்ததும் வண்டியை எதிர்க் கட்டில் பக்கம் திருப்பினார். நான் கன்னத்தைச் சுவிட்சில் அழுத்தி எடுக்காமல் வைத்தேன். அப்படிச் செய்தால் மணி ஒலிக்கும்.

அவர் திரும்பி வந்தார். "அவசரமாம்மா?"

ஒரு சிமிட்டு.

"மாணிக்கம் நேத்துலருந்து காத்துகினு இருக்காரும்மா. அவருக்குக் குடுத்துட்டு நாலு மணிக்கு உங்களுக்குக் கொண்டாரவா?"

இந்த இடத்தை நான் நேராக எழுத வேண்டும். நான்கு மணிக்கு எனக்குக் கிடைத்திருக்கலாம். கார் ஐந்துக்குத்தான். ஆனால் மறுபடி கரண்ட் போனால்? கையெழுத்தை முன்பே போட்டுவிட்டால்? எதிர்க் கட்டிலில் மாணிக்கத்தின் கண்கள் என்மேலேயே இருந்தன. தனபாக்கியம் துணியைக் கையில் வைத்துக்கொண்டு எங்களை மாறி மாறிப் பார்த்தார். எல்லாம் எனக்குத் தெரிந்தது. இரண்டு தடவை சிமிட்டினேன். முடியாது.

வண்டி என்னிடம் வந்தது.

அந்த ஒரு மணி நேரத்தைப் போல நான் எந்தப் பரீட்சையும் எழுதியதில்லை. வியர்வையில் கன்னம் வழுக்கியது. 'ளி'க்குப் பதில் 'ழி' விழுந்தது, அழித்தேன். "சளி எடுத்தது போதும். உயிர் வேண்டும்" என்று எழுதி முடிக்க அரை மணிக்கு மேல் ஆனது. அதோடு நிறுத்தவில்லை. "கையெழுத்துப் போடாதே" என்று சேர்த்தேன். கணவரை நான் ஒருமையில் அழைத்ததே கிடையாது. எழுத்து மிச்சம் பிடிக்க வேண்டியிருந்தது.

வரதராஜன் ஓடிப்போய் அவரை அழைத்துவந்தார். என் கணவர் திரையைப் படித்தார். ஒருமுறை மனத்துக்குள், ஒருமுறை வாய்விட்டு. அப்புறம் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"சளிக்கா சொன்ன?" என்றார். "சளிக்கா ரஜியா? நான் உன்னக் கேட்டிருக்கணும். கேக்காம போயிட்டேனே."

பின்னாலிருந்த யூசுப் காரைத் திருப்பி அனுப்பப் போனார்; மாலையில் என் பிள்ளைகள் இருவரும் எடுத்துக்கொண்ட ஒரு போட்டோவோடு வந்தார். ஊரிலிருந்து கொண்டுவந்து பையிலேயே வைத்திருந்தாராம். அதை மூச்சு இயந்திரத்தின் மேல் சாய்த்து வைத்துவிட்டு, என்னைப் பார்க்காமலேயே போய்விட்டார்.

வண்டி எதிர்க் கட்டிலுக்குப் போனபோது மணி நாலரை. மாணிக்கம் கண்ணை மூடியிருந்தார். அதற்குள் அவருக்கு இருமல் வந்துவிட்டது. சளியை வெளியே தள்ளும் சக்தி அவர் மார்புக்கு இல்லை. சிஸ்டர்கள் சூழ்ந்துகொண்டார்கள், திரைச்சீலையை இழுத்தார்கள். வரதராஜன் வண்டியோடு ஓரமாக நின்று பார்த்துவிட்டு, ஆறு மணிக்கு அதைத் தள்ளிக்கொண்டு போனார். மறுநாள் காலை ஏழு மணிக்கு மாணிக்கம் இறந்துபோனார்.

தனபாக்கியத்தின் அழுகைச் சத்தம் வார்டில் கேட்கவில்லை. துணியை மடித்துப் பையில் வைத்தார். சாமான்களை எடுத்துக்கொண்டு என் கட்டிலைக் கடக்கும்போது நின்றார். என்னைப் பார்த்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். உடம்பில் எனக்கென்று மிச்சமிருந்த இரண்டு அசைவில் ஒன்றை அதற்குத்தான் பயன்படுத்தினேன்.

அதற்குப் பிறகு என் உடம்பு திரும்பத் தொடங்கியது. மூன்று வாரம் கழித்து வலது கைப் பெருவிரல் அசைந்தது. பிறகு தோள். இயந்திரத்தை ஐந்து நிமிடம், பத்து நிமிடம் என்று நிறுத்திப் பழக்கினார்கள். கழுத்துக் குழாயை எடுத்த அன்று துளையை விரலால் மூடிக்கொண்டு பேசச் சொன்னார்கள். வந்தது தவளைக் குரல். என் கணவர் அதைக் கேட்டுவிட்டு வராந்தாவுக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். ஐந்தாம் மாதம் ஊருக்கு வந்தேன். நடைபழகக் கம்பு வேண்டும். பொத்தான் போட முடியாது. நிறைந்த டம்ளரைத் தூக்க முடியாது. பள்ளியில் அப்போது சேரவில்லை.

என்னைப் பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் கம்ப்யூட்டர் என்னைக் காப்பாற்றிய கதையைச் சொன்னேன். சரியான கதைதான். எதிர்க் கட்டிலை விட்டுவிட்டே சொன்னேன். ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் அந்த இடத்தில் நாக்கு தடுக்கும். கடைசியில் கணவரிடம் சொன்னேன். அவர் அதுவரை அறிந்திருக்கவில்லை. "போயிட்டு வந்துடலாம்" என்றார்.

அவலூர்பேட்டை பஸ்ஸில் ஏற்றிவிட இரண்டு பேர் வேண்டியிருந்தது. சந்தைத் திடலுக்குப் பின்னால், ஓட்டு வீடு. தனபாக்கியம் வாசலில் உட்கார்ந்து, எங்கள் பக்கம் மல்லாட்டை என்று சொல்கிற நிலக்கடலையை உரித்துக்கொண்டிருந்தார். என்னை நின்ற நிலையில் பார்த்ததில்லை அல்லவா, அடையாளம் தெரியவில்லை. குரலும் அவர் கேட்டறியாதது. "எதுத்த கட்டிலு டீச்சர்" என்று என் கணவர் சொன்னதும் முறத்தைக் கீழே வைத்தார்.

பாயில் உட்கார வைத்தார். என் கணவர் வெளியே வேப்பமரத்தடிக்குப் போய்விட்டார். பஸ்ஸில் வரும்போது யோசித்து வைத்த வாக்கியங்கள் ஒன்றும் வரவில்லை. நடந்ததை நடந்தபடி சொன்னேன். வரதராஜன் கேட்டதை, நாலு மணிக்குத் தருகிறேன் என்றதை, நான் இரண்டு முறை சிமிட்டியதை.

"தெரியும்" என்றார். "நான்தான் பக்கத்துல இருந்தேனே."

"அவரு... என்ன நினைச்சாரு?"

தனபாக்கியம் ஒரு காயை எடுத்து உடைத்தார்; பருப்பை முறத்தில் போட்டார்.

"கோவம்தான் டீச்சர். பொய் சொல்லக் கூடாது. வண்டி ஒங்ககிட்ட போனதும் கண்ண மூடிக்கினாரு. நான் கூப்ட்டுக் கூப்ட்டுப் பாத்தேன், தொறக்கவே இல்ல. அப்பவே எனக்குத் தெரிஞ்சிபோச்சு."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"எனக்கும் கோவம்தான். ரொம்ப நாள் இருந்துச்சு. 'நீ'னு ஆரமிச்சு உட்டுட்டுப் போயிட்டாரே, நீ இன்னா, நல்லவளா, கெட்டவளா, ஊட்டப் பாத்துக்கவா, ஒண்ணும் தெரியலியேனு. ஒங்க மூஞ்சிதான் கண்ணுல நிக்கும்." இன்னொரு காயை எடுத்தார். "ஆனா நீங்க அன்னிக்கு எழுதுனத ஒங்க ஊட்டுக்காரரு சத்தமாப் படிச்சாரு இல்ல, அதயும் கேட்டுகினுதான் இருந்தேன்."

மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்கத்தான் போயிருந்தேன், அங்கே உட்கார்ந்தபோது அது அவரிடம் இன்னொன்றைப் பிடுங்குவது போல இருந்தது.

வெயில் ஏறிவிட்டது. எழுந்து உள்ளே போய் ஒரு சொம்பில் மோர் கொண்டுவந்து நீட்டினார். இரண்டு கையாலும் வாங்கினேன். வாய்வரை வரவில்லை, நடுங்கி, புடவையில் சிந்தியது. தனபாக்கியம் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்தார். சொம்பை என் கையிலிருந்து எடுத்து என் உதட்டில் வைத்தார். அவருடைய இடது உள்ளங்கை, அவர் நினைக்காமலேயே, சிந்தாமல் தாங்க என் தாடைக்குக் கீழே வந்து நின்றது.

"மெதுவா" என்றார். "புரையேறிடப் போவுது."